மஞ்சள் கருவை வீசுவது சரியா? எங்கள் வீட்டில் தினமும் எட்டு போகிறது

பொருநைக்கரையாள் (பாளையங்கோட்டை)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஆறு பேர். அப்பாவுக்கு 64 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. போன மாதம் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 158 என்று வந்தது. அன்றிலிருந்து இரண்டு வெள்ளைக் கருவோடு நிறுத்திக்கொண்டார். தம்பி ஜிம்முக்குப் போகிறவன், காலையில் ஐந்து வெள்ளை. இவர்களைப் பார்த்துப் பார்த்து 12 வயதான என் மகளும், மஞ்சளைத் தின்றால் குண்டாகிவிடுவேன் என்று ஒதுக்க ஆரம்பித்துவிட்டாள்.

இன்று காலை பாத்திரம் கழுவும் இடத்தில் இருந்த கிண்ணத்தை எண்ணிப் பார்த்தேன். எட்டு மஞ்சள் கரு. ஒன்றிரண்டு முழுசாக, மற்றதெல்லாம் உடைந்து, ஓரத்தில் சாம்பல் பச்சை படிந்து கிடந்தன. வாசலுக்கு வரும் பூனைக்கு இரண்டை வைத்துவிட்டு மீதியைக் குப்பையில் கொட்டினேன். பக்கத்தில் நின்ற அம்மா சொன்னாள்: “நீ வயித்துல இருந்தப்போ வாரத்துக்கு ஒரு முட்டை கிடைச்சாலே பெரிசு. அதுலயும் பாதியை உங்க ஆச்சி அறுத்து உன் சித்தப்பாவுக்கு வச்சிருவா.” அதைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மஞ்சள் கருவில் அப்படி என்னதான் இருக்கிறது? அப்பாவுக்கு அது ஆகாதா? வளர்கிற பிள்ளைக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது?

வைகைமிதிவண்டி (மதுரை)

அக்கா, நான் நான்கு வருடமாக வெள்ளைக் கரு மட்டும்தான். புரதம் எல்லாம் வெள்ளையில்தான் இருக்கிறது, மஞ்சள் வெறும் கொழுப்பு என்று எங்கள் பயிற்சியாளர் சொன்னார். உங்கள் தம்பி செய்வது சரி என்றுதான் நினைக்கிறேன். வீசுவதற்குப் பதிலாகத் தெரு நாய்களுக்கு வைக்கலாம்.

கொங்குநிலா (கோவை)

நான் 14 வருடமாக ஊட்டச்சத்து ஆலோசகராக வேலை பார்க்கிறேன். இந்தக் கிண்ணத்தை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மதுரைத் தம்பிக்கு. 50 கிராம் முட்டையில் புரதம் சுமார் 6 கிராம். அதில் வெள்ளையில் இருப்பது மூன்றரை கிராம் அளவு. மஞ்சளில் இரண்டரை கிராமுக்கு மேல் இருக்கிறது. அளவில் மஞ்சள் சின்னது என்பதால் நமக்கு அது தெரிவதில்லை. ஐந்து மஞ்சளை வீசுகிறவர் 13 கிராம் புரதத்தைச் சேர்த்துத்தான் வீசுகிறார்.

புரதத்தை விடுங்கள், முட்டையின் மற்ற சத்து பெரும்பாலும் மஞ்சளில்தான் இருக்கிறது. வைட்டமின் ஏ, டி, ஈ மூன்றும் கொழுப்பில் கரைபவை, வெள்ளையில் அவை இல்லை. பி12, ஃபோலேட் என்ற பி வைட்டமின்கள் இரண்டிலும் பெரும்பங்கு மஞ்சளில். ஒரு முழு முட்டை சாப்பிட்டால் ஒரு நாளைக்கு வேண்டிய பி12-இல் ஐந்தில் ஒரு பங்கு கிடைத்துவிடும். கண்ணின் விழித்திரையில் சேரும் லூட்டீன், ஸியாஸாந்தின் என்ற நிறமிகளும் மஞ்சளில்தான். இவை கீரையில் இன்னும் நிறைய உண்டு. ஆனால் முட்டையில் கொழுப்போடு சேர்ந்து வருவதால் உடல் எளிதாக உறிஞ்சிக்கொள்ளும். முருங்கைக்கீரைப் பொரியலில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றுகிற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறதே, அதை விட்டுவிடாதீர்கள். கீரையில் இருக்கும் சத்து உடம்பில் சேர அந்த முட்டையின் கொழுப்பு உதவி செய்கிறது.

அப்புறம் கோலின் என்ற சத்து. இதைப் பற்றி நம் ஊரில் பேசுவதே இல்லை. கல்லீரலில் கொழுப்பு சேராமல் இருக்கவும், கருவில் இருக்கும் குழந்தையின் மூளை வளரவும் இது வேண்டும். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 450 மில்லிகிராம் தேவை என்று அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) 1998-இல் வகுத்தது. ஒரு முட்டையில் சுமார் 140 மில்லிகிராம் இருக்கிறது, அனேகமாக முழுக்க மஞ்சளில். சைவ உணவில் இவ்வளவு கோலினைத் திரட்டுவது சிரமம். உங்கள் அம்மா சொன்ன அந்தப் பாதி முட்டையைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான்.

மகளுக்குச் சொல்ல ஒரு கணக்கு. ஒரு மஞ்சள் கருவில் 55 கலோரி, ஓர் இட்லி அளவுதான். அதனால் யாரும் குண்டாவதில்லை. மாலையில் கொறிக்கும் ஒரு கைப்பிடி முறுக்கில் இதைவிட அதிகம் இருக்கும்.

முட்டையில் இல்லாததையும் சொல்லிவிடுகிறேன். வைட்டமின் சி கிடையாது, நார்ச்சத்து கிடையாது. இரும்பு இருக்கிறது, ஆனால் மஞ்சளில் உள்ள ஒரு புரதம் அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடலில் சரியாகச் சேராது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. முட்டை சாப்பிடுகிறேனே என்று இரும்பு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை எல்லாம் தனியாக வேண்டும்.

அப்பா விஷயத்தை அடுத்த பதிவில் எழுதுகிறேன். அது வேறு கணக்கு.

கொங்குநிலா (கோவை)

தொடர்கிறேன். ஒரு முட்டையில் ஏறக்குறைய 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரால். எல்லாம் மஞ்சளில். பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1913-இல் ரஷ்யாவில் அனிச்கோவ் என்ற ஆய்வாளர் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலைக் கொடுத்துப் பார்த்தார். அவற்றின் ரத்தக் குழாய்களில் கொழுப்பு படிந்தது. ஆனால் முயல் புல் தின்கிற பிராணி, கொலஸ்ட்ராலைச் சமாளிக்கும் அமைப்பு அதன் உடலில் நம்மைப் போல் இல்லை. 1968-இல் அமெரிக்க இதய சங்கம் நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் வேண்டாம், வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம் என்றது. அந்த வார்த்தை உலகம் முழுக்கப் பரவி நம் தெருமுனை மருந்துக்கடை வரை வந்துவிட்டது.

பிறகு தெரிந்தது என்னவென்றால், ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலே செய்கிறது. நாம் கூடுதலாகச் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்கு அது தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. எல்டிஎல்லை அதிகம் ஏற்றுவது நிறைகொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்): வனஸ்பதி, பாமாயிலில் பொரித்தது, பேக்கரிப் பண்டம், கொழுப்புள்ள ஆட்டுக்கறி. ஒரு முட்டையில் நிறைகொழுப்பு ஒன்றரை கிராம்தான். 2015-இல் வந்த அமெரிக்க உணவு வழிகாட்டுதலில் அந்த 300 மில்லிகிராம் வரம்பையே எடுத்துவிட்டார்கள். 2019-இல் இதய சங்கமும், ஆரோக்கியமானவர்கள் நாளுக்கு ஒரு முழு முட்டை வரை சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டது.

இதெல்லாம் ஆரோக்கியமானவர்களுக்கு. உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரையும் இருக்கிறது, எல்டிஎல்லும் கூடுதல். இந்த இரண்டும் சேர்ந்தவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று அதே அறிக்கை சொல்கிறது. சிலருக்கு உணவுக் கொலஸ்ட்ரால் மற்றவர்களைவிட அதிகமாக ஏறும். அப்படிப்பட்டவரா என்பது பரிசோதித்தால்தான் தெரியும். என்னிடம் வருகிற இப்படிப்பட்டவர்களுக்கு, அவர்கள் டாக்டரைக் கலந்துகொண்டு, வாரத்துக்கு மூன்று முழு முட்டை வரை வைத்து மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்வேன். மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அதை நிறுத்தவே கூடாது. கூடவே சாயங்கால வடையையும் பப்ஸையும் நிறுத்தச் சொல்லுங்கள். மஞ்சள் கருவை விட்டுவிட்டு வடையைத் தின்பதில் பலன் இல்லை.

கரும்பலகை (திருவாரூர்)

அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கொங்குநிலா அம்மா சொன்னவற்றில் பெரும்பாலானதை ஏற்கிறேன். ஆனால் ஒரு பக்கம் விட்டுப்போகக் கூடாது. 2019-இல் அமெரிக்காவில் கிட்டத்தட்ட 30,000 பேரின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு வெளிவந்தது. தினமும் அரை முட்டை கூடக் கூட, இதய நோய் வாய்ப்பு 6 சதவீதம் அதிகம் காணப்பட்டது. இது சிறிய எண்தான், இருந்தாலும் இல்லை என்று ஒதுக்க முடியாது. “முட்டை எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்” என்று இப்போது காணொளிகளில் பேசுகிறார்களே, அது எனக்குக் கவலை தருகிறது. 1968-இல் ஒரு பக்கம் சாய்ந்தோம், இப்போது மறுபக்கம் சாய வேண்டாம்.

கொங்குநிலா (கோவை)

நியாயமான பேச்சு ஐயா. அந்த ஆய்வு எனக்கும் தெரியும். மறு வருடமே அமெரிக்காவில் மூன்று பெரிய குழுக்களைப் பல்லாண்டு தொடர்ந்து பார்த்த இன்னோர் ஆய்வு வந்தது. அதில் நாளுக்கு ஒரு முட்டை வரை சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் கூடவில்லை. ஆசிய நாடுகளின் ஆய்வுகளைத் தனியாகச் சேர்த்துப் பார்த்தபோது சற்றுக் குறைவாகவே இருந்தது. இரண்டுமே மனிதர்கள் சாப்பிட்டதைக் கேட்டுக் குறித்துக்கொண்ட ஆய்வுகள். முட்டையோடு அவர்கள் வேறு என்ன சாப்பிட்டார்கள் என்பதை முழுசாகப் பிரித்துப் பார்ப்பது கடினம். அங்கே முட்டைக்குத் துணை பன்றி இறைச்சியும் வெண்ணெயும், இங்கே பரோட்டாவும் சால்னாவும். நாளுக்கு ஒன்று என்ற அளவில் நான் நிற்பதும் இதனால்தான். நாளுக்கு ஐந்தாறு முழு முட்டையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

அண்டாச்சோறு (விழுப்புரம் மாவட்டம்)

பெயரைப் பார்த்தே தெரிந்திருக்கும், நான் சத்துணவு அமைப்பாளர். 21 வருடம் ஆகிறது. பாளையங்கோட்டைத் தோழியின் கிண்ணம் எங்கள் பள்ளியிலும் இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் மையத்தில் 180 பிள்ளைகள். அட்டைக்கு 30 முட்டை, ஒரு நாளைக்கு ஆறு அட்டை. முட்டை வந்ததும் முதலில் பக்கெட் தண்ணீரில் போட்டுப் பார்ப்போம். அடியில் படுத்துக்கொண்டால் புதுசு. நிமிர்ந்து நின்றால் சில நாள் ஆனது. மிதந்தால் எடுத்து வைத்துவிடுவோம், பிள்ளைக்குப் போகாது. நாளாக நாளாக முட்டைக்குள் இருக்கும் ஈரம் ஓட்டின் துளை வழியாகப் போய், உள்ளே காற்றறை பெரிதாகிவிடும். மிதப்பதற்குக் காரணம் அதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஏழாவது, எட்டாவது படிக்கிற பெண் பிள்ளைகள் மஞ்சளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவார்கள். அழகு, உடம்பு என்று ஏதோ பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். “தொண்டைய அடைக்குது டீச்சர், வாசம் வேற அடிக்குது” என்றாள் ஒருத்தி. நானும் ஒரு முட்டையை உரித்துத் தின்று பார்த்தேன். அவள் சொன்னது உண்மைதான். மாவு மாதிரி உதிர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாங்கள் அண்டாவில் போட்டு அரை மணி நேரத்துக்கு மேல் கொதிக்க விட்டு, அந்தச் சுடுதண்ணீரிலேயே மதியம் வரை வைத்திருந்தோம். கெட்டுவிடக் கூடாதே என்ற பயம்தான்.

அப்புறம் மாற்றினோம். கொதி வந்த பிறகு 12 நிமிடம், உடனே இறக்கிக் குளிர்ந்த தண்ணீர். மஞ்சள் நன்றாக வெந்திருக்கும், ஆனால் மெத்தென்று இருக்கும். அந்த வாரமே தட்டோரத்தில் ஒதுக்குவது பாதியாகக் குறைந்தது. பிறகு மிளகு முட்டை, வெங்காயம் தக்காளி மசாலா முட்டை என்றெல்லாம் வந்தபோது கேட்கவே வேண்டாம். உங்கள் மகளுக்கும் குண்டாவேன் என்பது ஒரு காரணமாக இருக்கலாம், உங்கள் முட்டை அதிகம் வெந்துபோவதும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்தச் சாம்பல் பச்சை ஓரம் என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் எனக்கு இதுதான் தோன்றியது.

சத்துணவில் முட்டை சும்மா வந்துவிடவில்லை. 1982-இல் எம்ஜிஆர் திட்டத்தை விரிவாக்கியபோது முட்டை கிடையாது. 1989-இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. 1998-இல் வாரத்துக்கு ஒன்று, 2006-இல் இரண்டு, 2007-இல் மூன்று, 2010 முதல் பள்ளி நாள் ஐந்திலும் முட்டை. சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று இருந்த முட்டை பள்ளி நாள்தோறும் எங்கள் பிள்ளைகளின் தட்டுக்கு வர 20 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதில் பாதியை ஒதுக்கினால் எனக்கு வயிறு எரிகிறது, நிஜமாகவே.

கரும்பலகை (திருவாரூர்)

அந்தப் பச்சை ஓரம் கெட்டுப்போன அடையாளம் அல்ல. அதிக நேரம் கொதிக்கும்போது வெள்ளைக் கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்ந்து இரும்பு சல்ஃபைடு உண்டாகிறது. தீங்கு ஒன்றும் இல்லை, வாசம்தான் பிடிக்காது. குளிர்ந்த நீரில் போடுவது அதைத் தடுக்கும். அண்டாச்சோறு அம்மா பட்டறிவால் கண்டுபிடித்ததை நாங்கள் பாடமாக நடத்தினோம்.

செவந்திப்பட்டி (விருதுநகர்)

இந்த இழையிலேயே ஒன்று கேட்டுவிடுகிறேன். என் மகள் போன வாரம் பெரிய மனுஷி ஆனாள். எங்கள் வழக்கப்படி தினமும் காலை வெறும் வயிற்றில் ஒரு பச்சை நாட்டுக்கோழி முட்டை, அந்த ஓட்டிலேயே அளந்து நல்லெண்ணெய். அப்புறம் உளுந்தங்களி. அத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றச் சொல்கிறார்கள். பிள்ளை இரண்டு நாள் வாந்தி எடுத்துவிட்டாள். இடுப்புக்குப் பலம் என்று நானும் அந்த வயதில் குடித்தவள்தான். நிறுத்தினால் அத்தைக்கு வருத்தம், தொடர்ந்தால் பிள்ளை படும் பாடு தாங்கவில்லை. என்ன செய்ய?

கொங்குநிலா (கோவை)

தோழி, முதலில் வாழ்த்துகள். உங்கள் அத்தையின் எண்ணத்தில் தவறே இல்லை. மாதாமாதம் ரத்தம் போகப்போகிற வயது, எலும்பு வளர்கிற வயது. அந்தப் பிள்ளைக்கு வீட்டில் இருப்பதிலேயே சத்தான மூன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள் நம் பெரியவர்கள்: முட்டை, எள்ளெண்ணெய், உளுந்து. மாற்ற வேண்டியது பச்சையாக என்ற ஒன்றை மட்டும்தான்.

பச்சை முட்டையின் புரதம் நமக்குப் பாதிதான் கிடைக்கும். 1998-இல் பெல்ஜியத்தில் அளந்து பார்த்தார்கள். வெந்த முட்டையின் புரதம் 91 சதவீதம் செரித்தது, பச்சை முட்டையில் 51 சதவீதம்தான். பச்சை வெள்ளைக் கருவில் அவிடின் என்ற புரதம் இருக்கிறது, அது பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்துக்கொள்ளும். வெந்தால் அந்தக் குணம் போய்விடும். இதைவிட முக்கியம் சால்மோனெல்லா கிருமி. நாட்டுக்கோழி முட்டையிலும் அது இருக்கலாம், வேகவைத்தால்தான் சாகும்.

அத்தையிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “அதே நாட்டுக்கோழி முட்டை, அதே நல்லெண்ணெய், கல்லில் ஊற்றி மிளகுத்தூள் போட்டுத் தருகிறோம் அத்தை.” முட்டையும் போகவில்லை, எண்ணெயும் போகவில்லை. களி அப்படியே தொடரட்டும்.

இதே காரணத்துக்காகக் கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் ஆஃப்பாயில், கலக்கி, மதுரைப் பக்கத்து வழியல் போன்ற அரைவேக்காட்டு முட்டை எல்லாவற்றையும் தவிர்ப்பது நல்லது.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்)

எங்கட ஊரிலயும் இது இருக்கு. காய்ச்சல் வந்து எழும்பின ஆக்களுக்கு அம்மம்மா முட்டைக் கோப்பி அடிச்சுத் தருவா. முட்டையைச் சீனியோட நுரைக்க நுரைக்க அடிச்சு, அதுக்குமேல கொதிக்கக் கொதிக்கக் கோப்பியை ஊற்றுவா. பச்சை வாசம் வராது. ஆனால் அது முழுக்க வேகாது என்பது இப்போதுதான் விளங்குகிறது. இப்ப மகளுக்கு நான் அவித்த முட்டையும் தனியாகக் கோப்பியும்தான் கொடுக்கிறேன். ஆனாலும் அந்த ருசி நாக்கை விட்டுப் போகவில்லை.

லேயர்க்கொட்டகை (நாமக்கல்)

பண்ணைக்காரன் பேசாவிட்டால் எப்படி. 12,000 கோழி வைத்திருக்கிறேன், அப்பா காலத்திலிருந்து தொழில். எங்கள் மாவட்டச் சுற்றுவட்டாரத்தில் தினமும் 5 கோடிக்கு மேல் முட்டை உற்பத்தியாகிறது. அதனால் முட்டையைப் பற்றி வருகிற வதந்திகளும் முதலில் எங்கள் வாசலுக்குத்தான் வரும்.

ஊசி போட்டு முட்டை வைக்க வைக்கிறார்கள் என்று பேசுகிறார்கள். 12,000 கோழிக்கு யார் உட்கார்ந்து ஊசி போடுவது? தடுப்பூசி உண்டு, அது நோய்க்கு. கோழி 18, 20 வாரத்தில் முட்டைக்கு வந்துவிடும். ஒரு முட்டை உருவாக ஒரு நாள் ஆகும், அதில் ஓடு கட்டவே 20 மணி நேரம். தீவனமும் வெளிச்சமும் தண்ணீரும் சரியாக இருந்தால் தானாக வைக்கும். சேவல் இல்லாமல் வைக்கிற முட்டை, அதை அடைக்கு வைத்தாலும் குஞ்சு வராது.

மருந்து பற்றிக் கேட்டால் அது நியாயமான கேள்வி. கோழிக்கு நோய் வந்தால் ஆன்டிபயாடிக் கொடுப்பது உண்டு. கொடுத்தபின் குறிப்பிட்ட நாட்கள் வரை அந்த முட்டையை விற்கக் கூடாது. கொலிஸ்டின் என்ற மருந்தைக் கோழி, கால்நடை எதற்கும் கொடுக்கக் கூடாது என்று 2019-இல் மத்திய அரசு தடை போட்டது. நல்ல காரியம். இதில் கண்காணிப்பு இன்னும் இறுக வேண்டும் என்பதுதான் என் ஆசையும். ஒருவர் செய்கிற தப்பு எல்லார் முட்டை மேலும் விழுகிறது.

அப்புறம் நாட்டுக்கோழி முட்டை. மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்குகிறீர்கள். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, சத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மஞ்சளின் நிறம் தீவனத்தைப் பொறுத்தது. மக்காச்சோளம் கூடினால், செண்டுமல்லிப் பூவின் சாறு சேர்த்தால், பண்ணை முட்டையிலும் நல்ல செம்மஞ்சள் வரும். வெயிலில் மேய்கிற கோழியின் முட்டையில் வைட்டமின் டி கொஞ்சம் கூடுதல் என்பது உண்மை. வீட்டில் கோழி வளர்க்கிற பாட்டியிடம் வாங்கினால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் சந்தையில் சின்னப் பண்ணை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் முக்கி நாட்டு முட்டை என்று விற்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள், சாயம் துணியில் ஒட்டும். அந்தக் காசில் பிள்ளைக்கு மூன்று வெள்ளை முட்டை வாங்கிக் கொடுக்கலாம் என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆளுக்கு வருடம் 180 முட்டை என்று சொல்கிறது. நாட்டின் சராசரியோ 100-ஐச் சுற்றித்தான் இருக்கிறது. புரட்டாசி வந்தால் எங்களுக்கு விலை விழும். அந்த மாதத்தில் மலிவாக இருக்கும்போது சாப்பிடுகிற வீடுகள் இரண்டு அட்டை கூடுதலாக வாங்கினால் எங்களுக்கும் உதவி.

துளசிமாடம் (கும்பகோணம்)

நாங்கள் முட்டை சாப்பிடாத குடும்பம். குஞ்சு பொரிக்காத முட்டை என்றாலும் எங்களுக்கு மனசு ஒப்பாது. எங்கள் பிள்ளைகளுக்குச் சத்து குறைந்துபோகுமா?

கொங்குநிலா (கோவை)

குறையாமல் பார்த்துக்கொள்ளலாம் அம்மா. பருப்பும் அரிசியும் சேர்ந்தால் புரதம் நிறைவாகும். தினமும் இரண்டு டம்ளர் பாலோ தயிரோ இருக்கட்டும், பி12 அதிலிருந்துதான் வர வேண்டும். சோயா, வேர்க்கடலையில் ஓரளவு கோலின் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை பி12, வைட்டமின் டி இரண்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். முட்டை சாப்பிடுகிற வீட்டிலும் டி போதாது என்பதுதான் நிலைமை. ஒரு முட்டையில் இருப்பது கொஞ்சம்தான், வெயில் வேண்டும்.

மூன்றாங்கால் (சேலம்)

எட்டு மாதக் குழந்தைக்கு முட்டை கொடுக்கலாமா? மாமியார் ஒரு வயது ஆகட்டும் என்கிறார்.

கொங்குநிலா (கோவை)

ஆறு மாதம் முடிந்து திட உணவு ஆரம்பித்ததும் கொடுக்கலாம். நன்றாக வெந்த மஞ்சளை ஒரு சிட்டிகை அளவு, தாய்ப்பாலில் குழைத்து முதல்நாள். உதடு தடிப்பது, தோலில் தடிப்பு, வாந்தி இருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் மெல்ல அளவைக் கூட்டி, பிறகு வெள்ளையும். தள்ளிப்போட்டால் ஒவ்வாமை குறையும் என்று முன்பு நினைத்தோம், இப்போது சீக்கிரம் பழக்குவதே நல்லது என்கிறார்கள். குழந்தைக்குக் கரப்பான் மாதிரித் தோல் நோய் இருந்தால் மட்டும் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

ஈக்வடாரில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் தினமும் ஒரு முட்டை கொடுத்ததில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தார்கள். 2017-இல் அது வெளியானது. அதே முறையை மலாவியில் செய்தபோது அப்படிப்பட்ட பலன் கிடைக்கவில்லை. அங்கே குழந்தைகள் ஏற்கெனவே ஏரி மீனை நிறையச் சாப்பிட்டது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். வேறு சத்து கிடைக்காத குழந்தைக்குத்தான் முட்டை பெரிய மாற்றத்தைத் தரும் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

வைகைமிதிவண்டி (மதுரை)

கொங்குநிலா அக்கா, முதல் பதிவில் நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். வெறும் வெள்ளைக்குப் பதிலாக ஒரு முழு முட்டை, கூட இரண்டு வெள்ளை என்று மாற்றிவிட்டேன். எனக்குச் சர்க்கரையோ கொலஸ்ட்ராலோ இல்லை, போன வருடம் பார்த்தேன். இது சரிதானே?

கொங்குநிலா (கோவை)

சரிதான் தம்பி, ஆனால் ஒதுக்குகிற அந்த இரண்டு மஞ்சளை வீட்டில் யாருக்காவது குழம்பிலோ பொரியலிலோ சேர்த்துக் கொடுங்கள். இல்லையென்றால் வெள்ளைக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிடுங்கள். புரதமும் ஆச்சு, நார்ச்சத்தும் ஆச்சு.

பொருநைக்கரையாள் (பாளையங்கோட்டை)

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி.

அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனோம். வாரத்துக்கு மூன்று முழு முட்டை, மாத்திரை ஒழுங்காக, மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை என்று அவரும் சொல்லிவிட்டார். செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று காலண்டரில் அப்பாவே வட்டம் போட்டு வைத்திருக்கிறார். தம்பி முதலில் முறுக்கிக்கொண்டான். 13 கிராம் கணக்கைக் காட்டினேன், இப்போது ஒரு முழு முட்டையும் சுண்டலும்.

மகளிடம் நான் எதுவும் பேசவில்லை. அண்டாச்சோறு அக்கா சொன்னபடி 12 நிமிடம் வைத்து இறக்கிக் குளிர்ந்த தண்ணீரில் போட்டேன். வெட்டினால் மஞ்சள் நிஜமாகவே மஞ்சளாக இருந்தது, பச்சை ஓரம் இல்லை. சுடுசோற்றில் அதை உதிர்த்து, உப்பும் மிளகுத்தூளும் ஒரு சொட்டு நல்லெண்ணெயும் விட்டுப் பிசைந்து தட்டில் வைத்தேன். சாப்பிட்டுவிட்டு, “இதுல என்னம்மா போட்ட?” என்றாள். மறுநாள் அவளே உதிர்த்துக்கொண்டாள். அம்மாவுக்கும் இப்போது தினமும் ஒரு முழு முட்டை தனியாக வைக்கிறேன். வேண்டாம் வேண்டாம் என்பாள், ஆனால் சாப்பிடுகிறாள்.

நாமக்கல் அண்ணாவிடம் ஒரு கேள்வி. இப்போது மொத்தமாக ஓர் அட்டை வாங்குகிறோம். கழுவி ஃபிரிட்ஜில் வைப்பதா, அப்படியே வைப்பதா?

லேயர்க்கொட்டகை (நாமக்கல்)

கழுவாதீங்க அம்மா. ஓட்டின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். கழுவினால் அது போய்த் துளை வழியாகக் கிருமி உள்ளே போகும். அழுக்கு இருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள், சமைக்கும் முன் கழுவினால் போதும். கூர்முனை கீழே, அகன்ற முனை மேலே இருக்கிற மாதிரி வையுங்கள், காற்றறை மேலே இருந்தால் மஞ்சள் நடுவில் நிற்கும். ஃபிரிட்ஜ் கதவில் வேண்டாம், திறந்து மூடுகிற ஒவ்வொரு தடவையும் சூடு மாறும், உள்தட்டில் வையுங்கள். ஒருமுறை ஃபிரிட்ஜில் வைத்த முட்டையை எடுத்து வெளியே போட்டு வைக்காதீர்கள், வேர்த்துவிடும். விரிசல் விட்டது இருந்தால் அன்றைக்கே வேகவைத்துவிடுங்கள்.